பட்டப்பெயருக்கு ஒரு கட்டம்

துபாய், தெய்ரா
12 டிசம்பர் 1999

அன்புள்ள ஹிபாக் அக்காவுக்குத் தம்பி குலேத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். இன்று நான்காம் நோன்பு. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? புராவோவில் மழை உண்டா? சலா மச்சான் விட்டுப்போன தண்ணீர் லாரி ஓடுகிறதா? மூன்றுக்கும் பதில் எழுது. போன கடிதத்தில் மழையை மட்டும் எழுதி ஏமாற்றிவிட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வருடக் கணக்கை முடிக்கும் வேலை என் தலையில். ஏப்ரலில் பங்குதாரர் கூட்டம். லண்டன், ஸ்டாக்ஹோம், டொரொன்டோவில் இருந்து ஊருக்குப் பணம் அனுப்புகிற நம் ஆட்களுக்கே நம் பணம் அனுப்பும் கம்பெனியில் பங்கு விற்க முதலாளி ஹாஜி அவாலே திட்டம் போட்டிருக்கிறார். லாபம் காட்டினால்தான் வாங்குவார்கள்.

ஜூலையில் நான் கணினி போட்டதிலிருந்து வேகம் பறக்கிறது. முன்பு ரேடியோவில் ஒருவன் கத்த, இன்னொருவன் எழுத, அரை நாள் போகும். இப்போது லண்டன் கடையில் தட்டினால் ஐந்தாம் நிமிடம் உன் கிளையில் பெயர் விழுகிறது. ஆளின் பெயர், அப்பன் பெயர், பாட்டன் பெயர், அவ்வளவுதான். பத்து நாளில் யாரும் வாங்காவிட்டால் கணினி அதைப் பூட்டிவிடும், பணம் துபாய்க் கணக்குக்குத் திரும்பிவிடும். சுத்தமான வேலை.

ஆனால் பூட்டியதில் கிட்டத்தட்ட எல்லாமே உன் புராவோ கிளையில்தான். ஏன்? உடனே எழுது. இதை ஹாஜியின் ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன், பதிலையும் அவனிடமே கொடு.

உன் தம்பி,
குலேத்

*

புராவோ
27 டிசம்பர் 1999

அன்புத் தம்பி குலேத்துக்கு அக்கா எழுதிக்கொள்வது. வ அலைக்கும் ஸலாம்.

மழை இல்லை. அம்மாவுக்கு முழங்காலைவிட வாய்தான் அதிகம் வேலை செய்கிறது. லாரி ஓடுகிறது. போதுமா?

ஏன் என்று கேட்டாய். திங்கட்கிழமை கவுண்ட்டரில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பஹ்மோ திரையைப் பார்த்து, "அகமது முகமது அலி, நூத்தம்பது டாலர்" என்று கூப்பிட்டாள். நாலு பேர் எழுந்தார்கள்.

"அனுப்புனது யாருங்க?" என்றாள்.

"லண்டன்லேருந்து மருமவன் முகமது."

"எனக்கும் லண்டன் முகமதுதான்."

"எனக்கும்தான். அவன் அப்பன் பேரு அகமது."

"உலகத்துல எவன் அப்பன் பேருய்யா அகமது இல்ல?"

பின்னால் நின்ற கிழவர் சொன்னார்: "ஏம்மா பஹ்மோ, நாலு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துடு. நோன்பு மாசம், லண்டன்காரனுக்குப் புண்ணியமாவது மிஞ்சும்."

எல்லோரும் சிரித்தார்கள். பஹ்மோ மட்டும் அழுதாள். பிழையான ஆளிடம் கொடுத்தால் அவள் சம்பளத்தில் பிடிப்பாய் என்று உன் உத்தரவு இருக்கிறது அல்லவா?

ரேடியோ இருந்தபோது 'இடக்கை அகமது', 'ஓட்டைப்பல் அகமது' என்று வரும். ஊரில் ஓட்டைப்பல் ஒருவர்தான். தம்பி, கணினியில் பட்டப்பெயருக்கு ஒரு கட்டம் வை. பூட்டியதையும் திறந்துவிடு. யார் யாருக்கு எது என்று நான் விசாரித்துத் தருகிறேன்.

இரவில் மீனோ முட்டையோ சாப்பிடு. வெறும் தேநீரில் நோன்பு திறக்காதே.

அக்கா ஹிபாக்

*

துபாய்
9 ஜனவரி 2000

அன்புள்ள அக்காவுக்கு, ஸலாம். பெருநாள் நேற்று முடிந்தது. நல்ல உடம்போடு இருக்கிறேன்.

பட்டப்பெயர் கிடையாது. முடியாது என்றால் முடியாது. லண்டனில் உரிமம் கொடுக்கிறவன் முன்னால் 'ஓட்டைப்பல்', 'ஒத்தைக்காது' என்று பட்டியல் நீட்டினால் கடையை மூடச் சொல்வான். மூன்று பெயரும் பிறந்த தேதியும் உலகத்துக்கே போதும். புராவோவுக்குப் போதாதா? பிறந்த தேதி கேளுங்கள் என்றால் எல்லோரும் ஜனவரி ஒன்று என்கிறார்களாம். அதற்கு நானா பொறுப்பு?

இன்னொன்று. அந்தப் பஞ்ச வருடத்தில் அகதிகளை ஏற்றிப்போன லாரியின் முதுகில், ஏழாம் மாதமே நான் பிறந்தேன். அதற்காக 'தெக்தெக்', அவசரக்குடுக்கை, என்று ஊரே கூப்பிட்டது. புனேயில் படிக்கப் போனேன். அங்கேயும் நம்மூர்க்காரன் ஒருவன் வந்து விடுதி முழுக்கப் பரப்பிவிட்டுப் போனான். நாலு வருடம் சமையல்காரன்கூட என்னைத் தெக்தெக் என்றுதான் கூப்பிட்டான். பட்டப்பெயரை எழுதியவன் கையை ஒடிக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். கணினியில் ஒடித்தேன்.

கணக்கைக் கேள். வருடம் முழுக்கப் போன பணம் நாற்பது லட்சம் டாலர். கமிஷன் இரண்டு லட்சம். செலவு இரண்டு லட்சத்து ஒன்பதாயிரம். ஆக, ஒன்பதாயிரம் நட்டம். இதைக் காட்டினால் ஹாஜி என் தலையை ஆட்டுத்தலைக் குழம்பாக்கிவிடுவார்.

புராவோவில் பூட்டிக் கிடப்பது 131 பேருடையது, மொத்தம் 23,650 டாலர். இதில் ஒருவன்கூட இதுவரை புகார் செய்யவில்லை. யோசித்துப் பார். இருநூறு டாலர் வரவில்லையென்றால் எவன் சும்மா இருப்பான்? புகார் இல்லை என்றால் ஆள் இல்லை என்று பொருள்.

அம்மாவுக்கு முத்தம். லாரிக்கு எண்ணெய் மாற்று.

குலேத்

*

புராவோ
25 ஜனவரி 2000

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஸலாம்.

நாங்கள் நலம். உன் நலம் கேட்டு மகிழ்ச்சி. குளிர்காற்று அடிக்கிறது, மழை இல்லை.

பூட்டிய பணத்தை இந்த வருடம் தொடாதே. அப்படியே கிடக்கட்டும். இதை மட்டும் செய்.

உன் கடிதத்தின் உறையில் பசை இரண்டு தடவை ஒட்டியிருந்தது. அடுத்த முறை ஒரே தடவை ஒட்டு.

அக்கா

*

துபாய்
6 பிப்ரவரி 2000

அக்காவுக்கு, ஸலாம், நலம், எல்லாம்.

உறையை நான் ஒரு தடவைதான் ஒட்டினேன். பசையைப் பற்றி எழுத நேரம் இருக்கிறது, லாரியைப் பற்றி எழுத இல்லையா? அம்மா முழங்காலும் இல்லை. ஐந்து வரி எழுதுவதற்கு ஒரு மனிதன் விமானம் ஏறி வர வேண்டுமா?

தொடாதே என்றால் காரணம் சொல்ல வேண்டும். இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஹாஜி நேற்று என்னைக் கூப்பிட்டார். ஒட்டகப்பால் தேநீர் ஊற்றினார். அதிலேயே பயந்தேன்.

"மருமவனே, அந்தப் பூட்டுக்குள்ள இருக்குற இருபத்து மூணாயிரம் யாரோடது?"

"யாரும் கேக்கல மாமா."

"கேக்காத காசு யாரோடது?"

"கேக்குற வரைக்கும் கம்பெனிகிட்ட..."

"அப்பறம் என்ன? வருமானத்துல போடு. நட்டம் ஒன்பதாயிரம் போக என்ன நிக்கும்?"

"பதினாலாயிரத்து அறுநூத்தம்பது லாபம்."

"அதைச் சொல்ல உனக்கு நாலு வருஷம் புனேயில படிப்பு! கூட்டம் முடியட்டும், நீதான் மேனேஜர்."

ஆடிட்டர் ஒரே ஒரு பாரம் கேட்கிறார். 'இந்த 131 தொகைக்கும் உரிமை கோரி எவரும் வரவில்லை' என்று கிளைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நீ. பாரம் இத்துடன் இருக்கிறது. மார்ச் முதல் தேதிக்குள் வர வேண்டும். ஐந்து நிமிட வேலை.

குலேத்

*

துபாய்
1 மார்ச் 2000

அக்கா,

நலமா என்று கேட்கக்கூடக் கோபமாக இருக்கிறது. நலம்தானே?

பாரம் வரவில்லை. ஹாஜியின் ஆள் இரண்டு தடவை புராவோ வந்து திரும்பினான். இரண்டு தடவையும் 'நாளைக்கு' என்றாயாம். இங்கே என்ன பேச்சு தெரியுமா? நேற்று ஹாஜி எல்லார் முன்னாலும் கேட்டார்:

"உன் அக்கா கையெழுத்துக்கு ஏன்டா நடுங்குது? அந்தக் காசுல அவ கை நனைஞ்சிருக்கோ?"

"பணம் துபாய்ல இருக்கு மாமா. அங்க ஒரு டாலர் கிடையாது" என்றேன்.

"அப்ப எதுக்கு நடுங்குது?"

அதையேதான் நானும் கேட்கிறேன். பதில் உன்னிடம்தான் இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் பாரம் வராவிட்டால் கிளையைச் சோதிக்க ஆள் அனுப்புவார். உன்னை வைத்து என்னைக் கேட்பார்கள், என்னை வைத்து உன்னைக் கேட்பார்கள். கையெழுத்துப் போடு.

குலேத்

*

புராவோ
14 மார்ச் 2000

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம்.

அல்லாஹ் உன்னை நலமாக வைக்கட்டும். அம்மா உனக்காகத் துஆ செய்கிறாள்.

பாரம் இத்துடன் வருகிறது. கையெழுத்துப் போடவில்லை. அதில் எழுதியிருப்பது உண்மை இல்லை. வேலையை விடச் சொன்னால் விடுகிறேன். இதற்கு மேல் இந்தக் காகிதத்தில் எழுதமாட்டேன். எழுதினால் உனக்கு முன்னால் வேறு கண் படிக்கும்.

நாளை மறுநாள் ஹஜ் பெருநாள். இந்த வருடம் நாங்கள் தனியாக ஆடு அறுக்கவில்லை, எதிர்வீட்டோடு மாட்டில் பங்கு. கழுதை வண்டிக்காரன் தண்ணீரோடு வாசலில் நிற்கிறான், காசு கொடுக்க வேண்டும். முடிக்கிறேன்.

அக்கா

*

துபாய்
30 மார்ச் 2000

அக்காவுக்கு, ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

உன் கையெழுத்து இல்லாமலே வேலை முடிந்தது. உனக்குப் பதிலாக ஹாஜி போட்டார். ஆடிட்டர் ஏற்றுக்கொண்டார். வருட அறிக்கை அச்சாகிவிட்டது, முந்நூறு பிரதி. அட்டையில் பச்சை மையில் '1999: லாபம் 14,650 டாலர்'. ஒன்பதாம் பக்கத்தில் என் கணினியைப் பற்றி ஒரு பத்தி. கூட்டம் ஏப்ரல் 22.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். ஆனால் ராத்திரியெல்லாம் உன் கடிதத்தில் ஒரே வரி மண்டையைக் குடைகிறது. தண்ணீர் லாரி வைத்திருக்கிறவள் வீட்டு வாசலில் கழுதை வண்டிக்காரனுக்கு என்ன வேலை?

லாரி பழுதா? பணம் வேண்டுமென்றால் கேட்க மாட்டாயா?

குலேத்

*

துபாய்
6 ஏப்ரல் 2000

அக்கா,

இந்தக் கடிதம் ஹாஜியின் ஆள் கையில் வரவில்லை. ஸ்டாக்ஹோமில் இருந்து ஊருக்குப் போகிற தாஹிர் என்பவர் கையில் வருகிறது. ஒரே தடவைதான் ஒட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

அவர் பங்கு வாங்குவதைப் பற்றிக் கேட்க அலுவலகம் வந்தார். நான் யார் என்று தெரிந்ததும் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

"ஹிபாக்கோட தம்பியா நீ? உங்க அக்கா நல்லா இருக்கணும்யா. நவம்பர்ல எங்க சித்தப்பாவுக்கு முந்நூறு அனுப்பினேன். கண் ஆபரேஷனுக்கு. கரெக்டா குடுத்துட்டாங்க."

சித்தப்பா பெயரைக் கேட்டேன். அகமது முகமது அலி. கணினியில் தேடினேன். பூட்டு. நவம்பர் 19-இல் பூட்டியிருக்கிறது. வாங்கவில்லை என்று சிவப்பில் நிற்கிறது.

"வாங்கல போல இருக்கே" என்றேன்.

"வாங்கலையா? ஆபரேஷன் முடிஞ்சு கண்ணாடி போட்டுட்டு, ஊர்ல எல்லாரையும் 'நீ இவ்வளவு அசிங்கமாவா இருந்தே'ன்னு கேட்டுட்டுத் திரியுறாரு! ஓட்டைப்பல்னு சொல்லிப் பாரு, யாரும் சொல்லுவாங்க."

அவர் போனபின் பட்டியலில் இருந்து ஒன்பது பேரை, அனுப்பியவர்கள் வழியாக, தொலைபேசியில் பிடித்தேன். ஒன்பது பேர் வீட்டிலும் பணம் வந்துவிட்டதாம். அதனால்தான் புகார் இல்லை. ஆள் இல்லாததால் அல்ல. நீ இருந்ததால்.

துபாயில் பூட்டிக் கிடக்கும் பணத்தைப் புராவோவில் நீ எங்கிருந்து எடுத்துக் கொடுத்தாய்?

லாரி எங்கே அக்கா?

குலேத்

*

புராவோ
13 ஏப்ரல் 2000

என் தம்பிக்கு, அக்காவின் ஸலாம். நான் நலம். அம்மாவுக்குப் பழைய முழங்கால்தான். நேற்று முதல் தூறல் விழுந்தது.

லாரி ஜனவரி பத்தொன்பதாம் தேதி போனது. பதின்மூன்றாயிரத்து ஐந்நூறுக்கு எரிகாவோக்காரன் ஒருவன் எடுத்துக்கொண்டான். அதற்கு முன் என் நகை. மீதி, சந்தையில் துணி விற்கும் பெண்களிடம் கடன். லாரி விற்றுத்தான் அதில் பெரும்பகுதி அடைத்தேன்.

முதலில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். தம்பி திறந்துவிடுவான், எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தேன். பிறகு நீ முடியாது என்றாய். அதற்குள் கொடுத்துப் பழகிவிட்டேன். நோன்பு மாதத்தில் கவுண்ட்டர் முன்னால் வந்து நிற்கிறவளிடம், 'உன் மகன் அனுப்பிவிட்டான், உன் பெயரும் சரி, ஆனால் நீதானா என்று கணினிக்குத் தெரியவில்லை' என்று எந்த முகத்தோடு சொல்வது? எனக்குத் தெரிகிறதே.

இதை ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். நீ ஒரு கட்டத்தை விட்டதால் வந்த வினை என்று நான் எழுதினால், அது முதலில் விழுவது ஹாஜியின் மேசையில். நீ வாங்கும் சம்பளத்தில்தான் நம் இரண்டு சித்தி வீடும் அடுப்பு மூட்டுகிறது. லாரியைவிட நீ அதிகம் சம்பாதிக்கிறாய், அவ்வளவுதான் கணக்கு.

பழுப்பு அட்டை நோட்டு ஒன்றைத் தருகிறேன். மருத்துவத்துக்காகத் துபாய் வரும் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் கட்டிக்கொண்டு வருவார். 129 பேர், பட்டப்பெயர், தொகை, பெருவிரல் ரேகை. இரண்டு பேரை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை, 250 டாலர்.

அந்த நோட்டை நீ யாரிடமும் காட்ட வேண்டாம். எரித்தாலும் சரி. உன் மேனேஜர் வேலை நடக்கட்டும்.

அக்கா

*

துபாய்
2 மே 2000

அன்புள்ள அக்காவுக்கு, ஸலாம்.

எரிக்கவில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் ஹாஜியின் மேசையில் வைத்தேன். என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் நின்று சிரித்தார்.

"ஒத்தைக்காதன் இன்னும் சாகலையா! நானும் அவனும் ஒண்ணா ஒட்டகம் மேய்ச்சோம்டா."

அடுத்த பக்கம் புரட்டினார், அடுத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கடைசிப் பக்கம் வரை விரல் ரேகைகளைத் தடவிக்கொண்டே போனார்.

"இது மொத்தம் எவ்வளவு?"

"இருபத்து மூணாயிரத்து நானூறு. அக்காவோட லாரி, நகை, கடன்."

"அப்ப அட்டையில பச்சை மையில இருக்கே லாபம்?"

"அது அக்காவோட லாரி மாமா."

நோட்டை மூடினார். பிறகு எழுந்து, "நட்டம்னு சொல்லு. ஆனா நான் சொல்ல மாட்டேன். ஆக்குனவன் நீ, நீதான் எழுந்து சொல்லணும். உங்க கடித உறையைப் பிரிச்சது நான்தான். அதை நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

நாற்பத்தாறு பேர் முன்னால் எழுந்து நின்றேன். முந்நூறு பிரதியிலும் ஒன்பதாம் பக்கத்தைக் கிழித்து, வேறு தாள் சேர்த்திருந்தோம். அதைப் படித்தேன். 'லாபம் இல்லை. நட்டம் ஒன்பதாயிரம். ஜூலையில் கணினி வந்தபோது பட்டப்பெயர் நீக்கப்பட்டது. அதனால் 131 பேருக்குப் பணம் சேரவில்லை. புராவோ கிளைத் தலைவர் ஹிபாக் யாசின் தன் சொந்தப் பணத்தில் 129 பேருக்குக் கொடுத்தார். நீக்கியவர், குலேத் யாசின் நூர்.'

பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: "எந்தக் குலேத்? எங்க தெருவுலயே மூணு குலேத் இருக்கானுங்க!"

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "தெக்தெக்" என்றேன்.

"ஓ, லாரியில பொறந்தவன்!" என்று பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு ஒரு பங்கும் விற்கவில்லை. மேனேஜர் வேலை எனக்கு இல்லை, ஹாஜியின் மைத்துனனுக்கு. என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இப்போதைக்கு வேலை இருக்கிறது.

பட்டப்பெயருக்குக் கட்டம் வைத்துவிட்டேன். நேற்று இரவு முடிந்தது. இனி பட்டப்பெயர் எழுதாமல் பணம் போகாது, கணினி மறுக்கும். பூட்டைத் திறந்து உன் 23,400-ஐ அனுப்ப உட்கார்ந்தேன். மறுத்துவிட்டது. சின்ன வயதில் உனக்குப் பட்டப்பெயரே கிடையாது, நான்தான் பொறாமைப்பட்டேன். புராவோவில் ஹிபாக் யாசின் நூர் என்று இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களாம்.

ஊரில் உன்னை இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? உடனே எழுது. பொய்ப் பெயர் போட எனக்கு மனம் வரவில்லை.

அவசரத்துடன்,
குலேத்

*

புராவோ
14 மே 2000

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம்.

நல்ல மழை. வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது. அம்மா நனைந்தாள், திட்டு வாங்கினாள், திருப்பித் திட்டினாள். எரிகாவோக்காரன் லாரியைத் திருப்பித் தரமாட்டான். புது டயர் போட்டுவிட்டானாம். வேறு பார்க்கலாம், அவசரமில்லை.

விடுபட்ட இரண்டு பேரில் ஒருவர் கிடைத்துவிட்டார்.

பெயர் கேட்டாய். நானே எழுதக் கூச்சப்பட்டு, கவுண்ட்டரில் பஹ்மோவிடம் கேட்டேன். வரிசையில் நாற்பது பேர். அவள் நகராமல், "பட்டப்பேரைச் சத்தமா சொல்லு அக்கா. இல்லன்னா காசு கிடையாது, உன் தம்பி உத்தரவு!" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வரிசை முழுக்கச் சொல்லிவிட்டது.

அதையே கட்டத்தில் எழுது: 'தெக்தெக்கின் அக்கா'.

ஹிபாக்